கடல்மட்டத்துக்கு மேல் பன்னிரண்டு அடி

மலையுச்சியில் ஏறி ஹாம் ரேடியோ பேசுகிறவர்களுக்குப்
புள்ளிகள் உண்டு, உயரத்துக்குத் தக்கபடி.
எங்கள் ஊருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.
வேதாரண்யத்தில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது,
உப்பு அம்பாரத்தைத் தவிர?

கொடியக்கரைக் காட்டுக்குள் ஒரு மேடு, ராமர் பாதம்.
ஏறலாம் என்று நினைக்கும்போதே உச்சி வந்துவிடும்.
மூச்சு வாங்கக்கூட நேரமிருக்காது.
இதுதான் எங்கள் மலை.

சைக்கிள் கேரியரில் பேட்டரி,
சிங்காரு இரவல் கொடுத்த தூண்டில் கழி,
அதன் நுனியிலிருந்து பத்து மீட்டர் செம்புக் கம்பி.
"என்ன மீன் பிடிக்கப் போற, ஹாஜரா?"
தெரியாது என்றேன்.

தரைக்கம்பிகளை ஈரத்தில் செருகினேன்.
நெல்லைக் கருக்குகிற இதே உப்புமண்
ஏரியலுக்கு என்றால் வாரிக் கொடுக்கிறது.
ஐந்து வாட். ஒரு சைக்கிள் விளக்குக்குக் காணும்.
அதை வைத்துக்கொண்டு எல்லோரையும் கூப்பிட்டேன்.

சி க்யூ, சி க்யூ, சி க்யூ.
நாற்பது நிமிஷம் இரைச்சல்.
புள்ளிமான் ஒன்று வந்து கம்பியை முகர்ந்து
லைசென்ஸ் இருக்கா என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனது.

பிறகு, கடலைப் பொட்டலம் பிரிக்கிற சத்தத்துக்கு அடியில்
என் அழைப்புக்குறியின் கடைசி மூன்றெழுத்து.
யாரோ என்னைத் திருப்பிச் சொல்கிறார்.

பெயர் பெள்ளியப்பா.
தலைக்காவேரிக்கு மேலே, மலையுச்சி.
குடைக்குள் உட்கார்ந்து பேசுகிறாராம்.
ஹோட்டல் ஆல்ஃபா ஜூலியட் ஆல்ஃபா ரோமியோ ஆல்ஃபா,
என் பெயரைக் கொடுத்தேன்.
உயரம்?
பன்னிரண்டு.
பன்னிரண்டு நூறா? திரும்பச் சொல்லுங்கள்.
ஆமாம் என்றிருக்கலாம், யார் வந்து அளக்கப் போகிறார்கள்.
பன்னிரண்டு அடி. ஓவர்.

அவர் சிரிக்கவில்லை.
பித்தானை அழுத்தியபடி பேச மறந்திருக்க வேண்டும்:
மழை கேட்டது.
அவர் குடைமேல் விழுகிற மழை
என் காதுக்குள், இந்த வெயிலில்.

மூணு நாளாய் விடவில்லை, உங்கள் பக்கம் எப்படி?

கடைமடைக்கு இன்னும் வரவில்லை,
வாய்க்காலில் காட்டாமணக்குதான் பூத்து நிற்கிறது,
போன வருஷமும் நாற்றங்கால் காய்ந்தது,
இதையெல்லாம் இருக்கிற பேட்டரியில்
எந்த மொழியில் சொல்வது?
டிரை, என்றேன்.
ராஜர், என்றார்.

அந்தத் தண்ணீர் கண்ணம்பாடியில் நிற்கும்,
மேட்டூரில் அடிக்கணக்கு பார்ப்பார்கள்,
கல்லணையில் பிரித்துவிடுவார்கள்,
முறை வைப்பார்கள். எங்களிடம் வந்தால் வரும்.
சத்தம் மட்டும் ஒரு மதகையும் கேட்காமல்
வந்துவிட்டது.

லாக் புத்தகத்தில்: காலை 7.52. ஏழு மெகாஹெர்ட்ஸ்.
அவருக்கு நான் ஐந்து-ஐந்து. எனக்கு அவர் ஐந்து-மூன்று.
குறிப்பு என்ற கட்டத்தில்
'மழை' என்று எழுதினேன்.
யோசித்து, 'கேட்டது' என்று சேர்த்தேன்.

கழியைத் திருப்பிக் கொடுக்கும்போது
சிங்காரு என் பையை எட்டிப் பார்த்தான்.