ஆசிரியர் என்ற கட்டத்தில்

திங்கட்கிழமை மழையில் வந்தாள்,
டாங்கா நகர நூலகத்தின் சிமெண்டுத் தரையில்
சொட்டச் சொட்ட நின்று
பதிவேட்டில் ம்வானகோம்போ என்று எழுதினாள்.
"பவளப்பாறை பற்றி இருப்பதெல்லாம் வேண்டும்."

இருப்பதெல்லாம்.
இருபத்தாறு வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன்,
அந்தச் சொல்லுக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

மரிஜானி என்று தேடினாள்.
அட்டைகள் கழுத்துமாலைகளைக் காட்டின,
தட்டார் கடை, மணப்பெண், ஓமான் விலைப்பட்டியல்.
மதும்பாவே என்று தேடினாள்.
சுண்ணாம்புக் காளவாய், மசூதிச் சுவர்,
கன மீட்டருக்கு இத்தனை ஷில்லிங்.
ம்வாம்பா என்றதும் வந்ததெல்லாம் கப்பல்கள்,
எது எந்த இரவில் எங்கே மோதி உடைந்தது என்று.
உயிரோடு இருந்ததாக
ஓர் அட்டையும் சொல்லவில்லை.

செவ்வாய், துறைமுக அறிக்கைகள்.
தூர் வாரிய கணக்கில் அதற்குப் பெயர் 'இடைஞ்சல்'.
புதன், ஜெர்மானியர் விட்டுப்போன வரைபடம்.
கரையான் தின்ற இடங்களில்
கடல் இன்னும் ஆழமாக இருந்தது.

அவள் நகம் கடித்தாள். நான் தேநீர் கொடுத்தேன்.
ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை.

வியாழன், பூட்டும் நேரம்.
மூன்றாவது அலமாரிக்குப் பின்னால் குனிந்து
நீதிமன்றம் கழித்துப்போட்ட பெட்டியை இழுத்தேன்.
வெடி போட்டு மீன் பிடித்த வழக்குகள்.
எண் நாற்பத்தொன்று.
கூண்டில் நின்றவன் சொல்லச் சொல்ல
யாரோ ஓர் எழுத்தர் எழுதிய ஏழு பக்கம்:

*படகளவு பெரியது ஒன்று, மூளைபோல மடிப்பு மடிப்பாக.
அதற்கு வடக்கே மான்கொம்பாய்க் கிளைத்த திட்டு,
நீர் வற்றினால் இடுப்பளவு.
கிளிமீன் அதைக் கொறிக்கும் சத்தம்
படகின் அடிப்பலகை வரை கேட்கும்.
வெடித்த பிறகு கேட்கவில்லை.
ஐயா, மூன்று மாதம் போய்ப் பார்த்தேன்,
கேட்கவில்லை.*

நின்றபடியே படித்து முடித்தாள்.
மேற்கோள் பட்டியலைத் திறந்தாள்.
ஆண்டு எழுதினாள், ஊர் எழுதினாள்.
ஆசிரியர் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
"நீதிமன்றம் என்று போடவா?
எழுத்தர் பெயர் எங்கும் இல்லையே."

சொன்னவன் பெயரைப் போடு என்றேன்.
ஷேஹே பின் மகாமே.

எழுதிவிட்டு நிமிர்ந்தவள்
மேஜைமேல் இருந்த என் பெயர்ப்பலகையைப் பார்த்தாள்.
அதன் பின்பாதியும் அதுதான்.

எழுத்து சரிதானா என்று மட்டும் கேட்டாள்.
நடுவில் ஒன்று விட்டுப்போயிருந்தது.
பேனாவை வாங்கிச் சேர்த்தேன்.