கொடி பிடுங்குகிறவர்

முப்பத்தோராம் கிலோமீட்டரில்
சேறு என் இடது ஷூவைக் கேட்டது. கொடுத்தேன்.
முழங்கை வரை விட்டுத் துழாவித் திரும்ப வாங்கினேன்,
கூடவே அரைப்படி வேல்ஸ் மண்ணும் வந்தது.

பின்னால் இத்வால் வருகிறார்.
கடைசி ஆள் கடந்ததும்
பாதைக் கொடிகளைப் பிடுங்குவது அவர் வேலை.
கடைசி ஆள் நான்.
நான் தாண்டத் தாண்ட
மலை பழையபடி வெறும் மலையாகிறது.

"அவசரமில்லை" என்கிறார் ஒவ்வொரு ஏற்றத்திலும்.
அதைக் கேட்டால்தான் அவசரம் வருகிறது.

வேலிக் கதவருகே ஒரு செம்மறி
பார்த்தது, மென்றது,
மறுபடி பார்க்கவில்லை.

முடிவு வளைவை மடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.
நேரம் குறிக்கும் மெரெரிட்
புல்லில் தன் குடையைக் கிடத்தி
"இதுதான் கோடு" என்றாள்.

மிதிக்காமல் தாண்டினேன்.
இத்வால் கையிலிருந்த கொடிகளை எண்ணினார்.
ஒன்று குறைகிறதாம்.

இருவரும் திரும்பி மலையைப் பார்த்தோம்.