அரைப்பேர்

அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
அடகுக்கடை மாடியில் என் விளையாட்டுக் கடை.
வாடகைதான் எதிரி என்று நினைத்துத் திறந்தேன்.
இல்லை, பனி.
பின்னேரம் நாலு மணிக்குக் கேட்காமலே படியேறி வந்து
ஒரு கட்டுச் சீட்டை அப்பளமாய் வளைத்துவிட்டுப் போகும்.
அதனால் அலுமாரிக்குள் இரவெல்லாம்
ஒரு நாற்பது வாட் பல்ப்.
மீட்டர் பார்க்க வந்தவர் கேட்டார்,
கோழிக்குஞ்சு வளர்க்கிறீங்களா என்று.

ஒரு வகையில் ஆமாம்.

முதல் வருஷம் விற்றது மூன்று கெரம் போர்டு,
பதினொரு டின் பவுடர்.
பெட்டியை வாங்கினவன் திரும்பி வருவதில்லை,
கதிரையில் உட்கார்ந்தவன் வருகிறான்.
இதைக் கற்றுக்கொள்ள அம்மாவின் வளையல் இரண்டு
கீழ்மாடிக்கு இறங்கிப் போக வேண்டியிருந்தது.
பிறகு மேசைக்கு மணிக்கு நூறு ரூபா வைத்தேன்,
இஞ்சி போட்ட பிளேன்டீ உட்பட.
ரோல்ஸ் தின்பதானால் வாசலுக்கு வெளியே,
எண்ணெய்க் கையோடு சீட்டைத் தொட்டால் அபராதம்.
தொலைந்த காய்க்குப் பதில் தேயிலைக் கொட்டை.

இப்போது வெள்ளிக்கிழமை கதிரை போதாது.
மஸ்கெலியாவில் மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு
நிஸ்தார் வருவான்.
ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் சுரங்கி
தோற்றால் சிங்களத்தில் திட்டுவாள்,
வென்றால் தமிழில் ஆறுதல் சொல்வாள்.
வளையல்களும் மேலே வந்துவிட்டன.

தை மாதம் கொழும்பிலிருந்து ஒரு புதுப் பெட்டி.
மூடியில் கப்பல், தொப்பி போட்ட துரை.
நீ ஒரு தோட்ட முதலாளி:
காடு வெட்டு, கன்று நடு, கப்பலேற்று.
சுண்டுவிரல் நகமளவு
மண்ணிற மரத்துண்டு நாற்பது,
அவர்கள் வேலையாட்கள்.
பொய் சொல்லமாட்டேன், அருமையான விளையாட்டு.
நானே மூன்று இரவு தூங்காமல் ஆடினேன்.
ஆறு பெட்டி விற்றேன்.

மகனைக் கூட்டிப்போக வந்தவள் மரகதவல்லி.
கடைசி பஸ்ஸுக்கு நேரமிருந்தது,
மேசையில் ஒரு கை குறைந்தது,
உட்கார்ந்தாள்.
மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
கொழுந்துக் கறை ஏறிய விரலால்
ஒரு மரத்துண்டை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.
“இவங்க சம்பளம் எந்தப் பக்கத்துல இருக்கு?”

பன்னிரண்டு பக்கமும் புரட்டினேன்.
படங்களுக்குக் கீழே பொடி எழுத்தையும் பார்த்தேன்.
மழைக்கு விதி இருந்தது.
விலை விழுந்தால் என்ன செய்வதென்று இருந்தது.
கப்பல் பிந்தினால் நட்டஈடுகூட இருந்தது.

“அப்ப கிலோ கொறஞ்சா அரைப்பேரும் இல்லயா?”

நிஸ்தார் சிரித்தான். பிறகு நிறுத்தினான்.
அரைப்பேர் என்றால் என்னவென்று சுரங்கி கேட்டாள்.
நாள் முழுக்க மலையில் நின்றாலும்
நிறுவை குறைந்தால் பாதிச் சம்பளம்,
புத்தகத்தில் அரைப்பேர் என்று விழும்.
பாதிச் சம்பளம் அவளுக்கு விளங்கியது.
“பேர் எப்படி அரையாகும்?”
அதற்கு எந்த பாஷையிலும் எங்களிடம் பதிலில்லை.

ஆளுக்கு ஒரு காசு, சுற்றுக்கு ஒரு தடவை,
மழை நாளிலும்.
அந்த இடத்திலேயே விதி போட்டோம்.
மூன்றாம் சுற்றில் பெட்டியிலிருந்த காசு தீர்ந்து
சோடா மூடிகளை இறக்கினேன்.
நிஸ்தார் வங்குரோத்து.
சுரங்கி கப்பலை விற்றாள்.
மரகதவல்லி ஒரு சுற்றும் தவறாமல் கொடுத்து
கடைசியாக வந்தாள்.
“தொரமாரு கஷ்டம் இப்பத்தான் வெளங்குது”
என்றாளே பார்க்கலாம்,
மேசை குலுங்கிக் காய்கள் சரிந்தன.
மகன்தான் முதலில் சிரித்தது.
பஸ் போய்விட்டிருந்தது,
நிஸ்தாரின் வேனில் இறக்கிவிட்டோம்.

அந்த விதி மூடிக்கு உட்புறம்
ஒட்டியிருக்கிறது, மூன்று பாஷையில்.
அதை ஆடவென்றே கண்டியிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள்.
அந்த மேசைக்கு மட்டும் நூற்றைம்பது.

போன கிழமை மரகதவல்லி வந்து
விலைப்பலகையை வாசித்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.
அவள் போனபின் கணக்குப் புத்தகத்தில் புதுப் பக்கம் திருப்பி,
மேலே ஐம்பது ரூபா வீதம் என்று குறித்து,
அவள் பேரை எழுதினேன்,
தகப்பன் பேரோடு, முழுசாக.

அந்த யோசனையில் பல்ப் போட மறந்துபோய்
விடியும்போது இரண்டு கட்டுச் சீட்டு
வளைந்திருந்தது.