எண்பதுகளுக்கு என் வாக்கு

பொன்னுதுரைக்கு எழுபதுகள்தான் ரெகே.
மற்றதெல்லாம், அவன் அகராதியில், சோப்பு விளம்பரம்.
ரெலாவ் அடுக்குமாடியின் பதினோராம் தளத்தில்
சனிக்கிழமை ராத்திரி
இசைத்தட்டின் ஓரத்தை மட்டும் தொட்டுத் தூக்கி
ஊசியை இறக்குகிறான்.
"கேள். முதல் அடியில் யாருமே இல்லை."

உண்மைதான்.
முதல் அடி காலி நாற்காலி.
மூன்றாவதில்தான் டிரம் வந்து உட்கார்கிறது,
தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்காத விருந்தாளி.
பேஸ், பழைய ஃபெரியின் எஞ்சின் மாதிரி
உள்ளங்கால் வழியே ஏறுகிறது.
கீழ்வீட்டு மேடம் கூ
துடைப்பக் கட்டையால் தன் கூரையைத் தட்டுகிறாள்.
அதுவும் சரியாக எதிரடியில்.

ரொஸ்லான் தொண்ணூறுகளின் ஆள்.
பத்து ஃபிரிங்கி கடற்கரையில்
வெள்ளைக்காரர்களைப் பாராசூட்டில் பறக்கவிட்டவன்.
அவனுக்கு வேகம் வேண்டும், வாய்ச்சவடால் வேண்டும்,
பாடகன் மூச்சுவிடாமல் பேசவேண்டும்.
"உன் எழுபதுகளுக்குத் தூக்கம் வருது, துரை."

அவன் மகனின் கைப்பேசியில் இந்த வருஷத்து ரெகே.
பழையதைப் போலவே செய்த புதிது,
கீறல் சத்தம்கூடச் சேர்த்திருக்கிறார்கள்.
பேஸ் மட்டும் அந்தச் சின்னத் துளைக்குள் சிக்கி
வெளியே வரவில்லை.

நான் எண்பதுகளுக்குக் கைதூக்குகிறேன்.
இருவரும் சிரிக்கிறார்கள்.
"அதுவா? டிரம்மர் வீட்டுக்குப் போயாச்சு,
பேஸ்காரனும் போயாச்சு.
மிச்சம் ஒரு பெட்டி."

பெட்டிதான்.

பாயான் லெப்பாஸில் எனக்குப் பத்தொன்பது வயது.
நீல மேலங்கி, தலையுறை, இரவு ஷிப்ட்.
நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால்
நகத்தில் பாதிகூட இல்லாத சில்லு.
அதன் விளிம்பிலிருந்து காலுக்கு
தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி.
இழு, ஒட்டு, இழு, ஒட்டு,
மணிக்கு இத்தனை என்று கணக்கு.
எங்கே போகிறதென்று சூப்பர்வைசர் சொன்னதில்லை.
கால்குலேட்டருக்கு என்பாள் சரோஜினி.
ராக்கெட்டுக்கு என்பாள் ஹாலிமா.

எண்பத்தாறில் ஒரு விடிகாலை
ஃபேக்டரி பஸ்ஸில் டிரைவர் கேசட் ஒன்றைப் போட்டான்.
கை படாத பேஸ்.
டூம். வெறுமை. டூம் டூம்.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
தூங்கிவழிந்த நாற்பது பெண்களில்
நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கிங்ஸ்டனில் எவனோ
ஒரு பெட்டியின் பொத்தானை அழுத்தியிருக்கிறான்.
அந்தப் பெட்டிக்குள் ஒரு சில்லு.
அந்தச் சில்லுக்குள்

இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.
யார் பார்த்தது.

இவர்களிடம் இதைச் சொன்னதில்லை.
இன்றும் சொல்லவில்லை.
"எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்" என்று
கேசட்டைத் தள்ளுகிறேன்.
நாடா கொஞ்சம் இழுபட்டு, சுருதி தாழ்ந்து,
பிறகு பெட்டி பேசத் தொடங்குகிறது.
புரை எடுத்த கண்ணை மூடிக்கொள்கிறேன்.

பொன்னுதுரையின் கட்டைவிரல் ஆடுகிறது.
அவன் பார்க்கவில்லை, நான் பார்த்துவிட்டேன்.
கீழே மேடம் கூ,
எந்தப் பத்தாண்டு என்ற பேதமில்லாமல்,
தட்டுகிறாள்.