மீட்டவர் கையொப்பம்

காரைக்குடி செக்காலை ரோட்டில்
பதினெட்டு வருடமாக அடகுப் பேரேடு எழுதுகிறேன்.
முதல் பக்கத்துப் பிள்ளையார் சுழி
முதலாளி சாத்தப்பன் போடுவார்.
மற்றதெல்லாம் என் கையெழுத்து,
ஞானாபரணம், தேவகோட்டை ரஸ்தா.

எடை, மாற்று, கல் கழிவு,
கொடுத்த தொகை, வட்டி.
கடைசிக் கட்டம்: மீட்டவர் கையொப்பம்.
நகை கையெழுத்துப் போட இடம் கிடையாது.

ஏலத்துக்கு முந்தின நாள், மாசி வெயிலில்
பள்ளத்தூரிலிருந்து வந்தாள் சந்தியாகம்மாள்,
கலவைச் சட்டி தூக்குகிறவள்.
சீட்டு எட்டாய் மடிந்திருந்தது.
பொட்டலம் 412: குழந்தைத் தோடு ஒரு ஜோடி,
ஒன்றுக்குத் திருகாணி இல்லை.
செம்பு தூக்கல்.

கூட்டிப் பார்த்தேன்.
வட்டி முதலைத் தின்றுவிட்டு
தோட்டின் விலையையும் தாண்டிப் போயிருந்தது.
"விட்டுருங்கம்மா, இந்தக் காசுக்கு
புதுசாவே ரெண்டு ஜோடி எடுக்கலாம்."
முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:
"புதுசு எனக்கெதுக்கு?
இது எங்க பிள்ளையோடது."

அவ்வளவுதான்.

பெட்டகத்துக்குள் போனேன்.
இருட்டில் பொட்டலங்கள் வரிசையாய்க் கிடந்தன.
412 ஓரடி முன்னால் நகர்ந்து வரவில்லை,
உள்ளுக்குள் தன்னைத் துலக்கிக்கொள்ளவில்லை.
வெளியே ஒருத்தி வெயிலில் நிற்பது
அதற்குத் தெரியவும் தெரியாது.
எடுத்தேன்.
வந்தது.

அன்று ராத்திரி ஜெபத்தில் வழக்கம்போல
என் கணக்கை ஒப்பிக்கத் தொடங்கினேன்.
தசமபாகம் பாக்கியில்லை. குடி இல்லை. திருட்டு
என்று வாயெடுத்ததும்
யாரோ ஒரு மதகுபட்டிக்காரரின் மோதிரத்தில்
முன்னொரு காலம் நான் குறைத்தெழுதிய ஒன்றரை கிராம்
நாக்கில் வந்து உட்கார்ந்தது.
நிறுத்திவிட்டேன்.
உரைகல்லில் என்னைத் தேய்த்தால்
என்ன நிறம் விழும் என்று எனக்குத் தெரியும்.
தொழிலே அதுதானே.

வெகுநேரம் கழித்து ஒரு சொல் வந்தது.
உம்முடையவன்.
அதையும் நான் சொன்னேனா,
உள்ளிருந்து யாரும் எடுத்தார்களா,
பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு ஏலம்.
413-க்கு ஒருவரும் வரவில்லை.
412-ஐவிட நல்ல தங்கம், நெளி மோதிரம்,
தேய்மானம்கூட இல்லை.
"ஒரு தரம்" என்றார் முதலாளி.
நான் வாசலைப் பார்த்தேன்.
"ரெண்டு தரம்."
டவுன் பஸ் ஒன்று நின்று, கிளம்பிப் போனது.

அது ஏன் என்று
கேட்கவேண்டிய இடத்தில் கேட்டுவிட்டேன்.
இன்னும் கேட்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எழுந்து நிற்கையில்
நானும் எழுந்து நிற்கிறேன்,
அந்தக் கேள்வியையும் கையில் பிடித்தபடி.

சாயங்காலம் கடை கட்டும்போது
412-ன் பக்கத்தைத் திருப்பினேன்.
அவளுக்குக் கையெழுத்து வராது.
சிமென்ட் அரித்த பெருவிரலை
மையில் ஒற்றி அழுத்தியிருந்தாள்.
கட்டத்துக்குள் அடங்காமல்
பக்கத்திலிருந்த வட்டித்தொகை மேலும் ஏறி,
ரேகையின் நடுவே
மை ஒட்டாத ஒரு வெட்டுக்காயம்
வெள்ளையாய்.