நீலம், மூன்று கியர், மணி இல்லை

டிசம்பர். உமியோ நகரம்.
மதியம் இரண்டு மணிக்கே
வெளிச்சம் கடையைக் கட்டிவிட்டது.
பட்டறையில் நான் இன்னும்
அட்டை வெட்டிக்கொண்டிருக்கிறேன்:
முப்பத்தோரு கண்ணாடிச் சட்டங்கள்,
ஆளுக்கொரு எதிர்காலம்.
எதிர்காலத்தின் மூக்குப் பகுதி மட்டும்
எப்போதும் மூன்று மில்லிமீட்டர் பிசகுகிறது.

தூரூனுக்கு,
குடியிருப்பின் பொதுச் சலவை அறையில்
ஒவ்வொரு இயந்திரத்தின் தலைமேலும்
அடுத்தவர் கோபம் மிதக்க வேண்டுமாம்.
இப்போது அதைக் கதவில் ஒட்டுகிறார்கள்:
'வடிகட்டியில் பஞ்சை விட்டுப்போன புண்ணியவானே,
இது உன் வீடல்ல.'
காகிதம் கிழிந்துவிடுகிறது என்றாள்.
கிழிவதுதானே அதன் நல்ல குணம் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

யால்மர் ஒவ்வொரு தக்காளிக்கு மேலும்
அது கடந்துவந்த கிலோமீட்டரைத் தொங்கவிட்டான்.
மூன்று நாள் அதோடு கடைக்குப் போனான்.
நான்காம் நாள்
கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு
அரைக் கிலோ வாங்கினான்.

எல்லோருக்கும் பிடித்தது சிக்ஸ்டனுடையது.
பனிக்கு அடியில் புதைந்த சைக்கிள்கள்.
வெறும் வெள்ளை மேடு;
கண்ணாடியை மாட்டினால்
அதன்மேல் ஒரு சின்னச் சீட்டு:
நீலம். மூன்று கியர். மணி இல்லை.
உரிமை: விவேக்கா, சேர்க்கைப் பிரிவு.

மதிப்பீட்டு நாளன்று மைனஸ் பத்தொன்பது.
நடுவர் மூவரும் வாசலுக்கு வந்தார்கள்,
மூச்சு முகத்துக்கு முன்னால் நிற்க.
விவேக்காவே பனி அள்ளும் பலகையோடு வந்தாள்.
சீட்டு காட்டிய இடத்தில் தோண்டினார்கள்.
கணுக்கால் ஆழம். முழங்கால் ஆழம்.
'இன்னும் கொஞ்சம்' என்றான் சிக்ஸ்டன்.
இடுப்பாழம்.

சைக்கிள் இல்லை.
இருந்தது ஒரு சிவப்புச் சறுக்குப் பலகை,
கயிற்றில் உறைந்துபோன சிறு கையுறையோடு.
எந்தத் தரவிலும் இல்லாத சிவப்பு.

'ஓ, நவம்பரில் தம்பி கேட்டான், கொடுத்துவிட்டேன்'
என்று விவேக்காவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.
ஒரு நடுவர் சிரித்தார்.
ஒருவர் குறிப்பெடுத்தார்.
மூன்றாமவர் கண்ணாடியைக் கழற்றவே இல்லை;
அவருக்கு மட்டும்
காலிப் பள்ளத்தின் மேல் தெரிந்துகொண்டே இருந்தது
நீலம், மூன்று கியர், மணி இல்லை.

இரவு ஏழுக்கு சிக்ஸ்டன் பட்டறைக்கு வந்தான்.
மதிப்பெண் பற்றி அவன் பேசவில்லை,
நானும் கேட்கவில்லை.
'சீட்டுக்கு வயதாக வேண்டும்' என்றான்.
'பார்த்தவன் பார்த்து நாளாக ஆக
எழுத்து வெளுக்க வேண்டும்.
கடைசியில்
இங்கே ஏதோ இருந்தது என்ற அளவுக்கு ஒரு கறை.'
இன்னொரு சட்டம் வெட்டச் சொன்னான்.
வெட்டினேன். மூக்கு, வழக்கம்போல்.

சறுக்குப் பலகை இங்கேதான்,
மர அலமாரியில் சாய்ந்திருக்கிறது.
கையுறை உருகி, காய்ந்து, சுருங்கிவிட்டது.
'யாருடையது?' என்று
ஒரு காகிதம் எழுதி ஒட்டினேன்.
நேற்றுப் பார்த்தால் கீழே
பென்சிலில் யாரோ எழுதியிருக்கிறார்கள்:
'என்னுடையது இல்லை.
ஆனால் நல்ல பலகை.'