சுண்ணாம்புக் கோடு

நாற்பத்தேழில் சிப்பாய்கள்
சுண்ணாம்பால் கோடு இழுத்தார்கள்.
வீடும் நிலவறையும் யூகோஸ்லாவியா;
ரெபுலாக் கொடிகள் இத்தாலி.

மாமனார் ஸ்ரெச்கோ
அனுமதிச் சீட்டு காட்டிப் பறித்துவந்தார்.
சாவடியில் கூடை கூடையாக எடை போட்டார்கள்.
காத்திருந்த வெயிலில் பழம் நுரைத்துவிட்டது.
அந்த ஆண்டுப் புளிப்பை
யாரும் வாங்கவில்லை,
குடும்பமே குடித்துத் தீர்த்தது.

பன்றிகளை விற்று
இரண்டாம் பீப்பாய் வாங்கியவள் நான்,
அவரைக் கேட்காமல்.
மகன் வங்கிக் கடனில்
எஃகுத் தொட்டிகள் இறக்கினான்;
டோக்கியோவில் எவனோ
பெட்டி பெட்டியாக வாங்குகிறான்.

சாவடி இப்போது காப்பிக் கடை.
புட்டியில் எந்த நாட்டுப் பெயர் என்று
சாப்பாட்டு மேசையில்
சண்டை மட்டும் ஓயவில்லை.

கோடு ஓடிய வரிசை
நான்கு நாள் முந்திப் பழுக்கிறது.
சுண்ணாம்பின் வேலையோ என்னவோ.
அதைத் தனியாகப் பிழிகிறோம்.
விலை கூடுதல்.